லைட்டு எரியுது, வழி இல்லை: டேட்டா சென்டரில் இரண்டு கேட்வே வைத்தும் நெட் போவது ஏன்?

"அண்ணா, நெட் போச்சு. ஆனா எல்லா லைட்டும் பச்சையாத்தான் எரியுது." டேட்டா சென்டரில் ராத்திரி வேலையில் இருந்த பையனிடமிருந்து ஒரு மணிக்கு வந்த போன் அது. நான் அப்போது வேலை பார்த்த இடம் ஒன்றும் பெரிதில்லை, ஆறு ரேக், வெளியே போக இரண்டு ரவுட்டர், இரண்டு வேறு வேறு கம்பெனியிடம் வாங்கிய இரண்டு லைன், அவ்வளவுதான். ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தோம். வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்றால் முடியவில்லை, ஏனென்றால் நான் நுழைய வேண்டிய வழியும் அதே ரவுட்டர்தான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. பையன் சொன்னது அப்படியே உண்மை. முதல் ரவுட்டருக்கு உள்ளிருந்து பிங் போகிறது (தட்டிப் பார்த்தால் பதில் வருகிறது), சிபியு சும்மா இருக்கிறது, வெளிப்பக்க போர்ட்டில் விளக்கு எரிகிறது, ஆனால் அந்த போர்ட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

தெருவில் யாரோ பள்ளம் தோண்டும்போது ஃபைபரை வெட்டிவிட்டார்கள். ஃபைபருக்கும் எங்கள் ரவுட்டருக்கும் நடுவே சோப்பு டப்பா அளவில் ஒரு மீடியா கன்வெர்ட்டர் இருந்தது, ஃபைபரில் வரும் ஒளியைச் செப்புக் கேபிளுக்கு மாற்றிக் கொடுப்பது. ஃபைபர் பக்கம் செத்துப்போனாலும், ரவுட்டரோடு அது பேசும் ஒரு முழச் செப்புக் கேபிள் நன்றாகத்தான் இருந்தது, அதனால் ரவுட்டரைப் பொறுத்தவரை லைன் உயிரோடு இருக்கிறது. பக்கத்துத் தட்டில் இரண்டாவது ரவுட்டர், வேலை செய்கிற இரண்டாவது லைனோடு, யாரும் கூப்பிடாததால் சும்மா உட்கார்ந்திருந்தது. வேறு எதுவும் தோன்றாமல் முதல் ரவுட்டரின் பவர் கேபிளைப் பிடுங்கினேன். நாலு விநாடிக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அந்த நாலு விநாடிக்கும், அதற்கு முன் வீணாய்ப் போன ஒன்றரை மணி நேரத்துக்கும் நடுவில் என்ன நடக்கவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். செத்த பெட்டியைச் சமாளிப்பது சுலபம், அதற்கு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நல்ல தீர்வு இருக்கிறது. மூச்சு இருந்து பேச்சு இல்லாமல் நிற்கிற பெட்டிதான் நம் உயிரை எடுக்கும்.

முதலில் சர்வர் பக்கத்திலிருந்து பார்ப்போம். சாதாரணமாக ஒரு சர்வருக்கு வெளியுலகம் என்றால் ஒரே ஒரு முகவரி, அதுதான் டிஃபால்ட் கேட்வே. 10.20.0.1 என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் தன் நெட்வொர்க்குக்கு வெளியே போக வேண்டிய எல்லா பாக்கெட்டையும் (தகவல் துண்டையும்) அங்கே தள்ளிவிடும். அந்த 10.20.0.1 அதை வாங்கி என்ன செய்கிறது, மேலே அனுப்புகிறதா, குப்பையில் போடுகிறதா என்றெல்லாம் சர்வருக்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. அதனால் இரண்டு ரவுட்டர் வாங்கி வைத்தால் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்து அந்த ஒரே முகவரியாக நடிக்க வேண்டும்.

அந்த நடிப்புக்குத்தான் விஆர்ஆர்பி என்ற புரோட்டோகால் (ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிமுறை). ரவுட்டர் செய்யும் சிஸ்கோ கம்பெனியிடம் ஏற்கெனவே எச்எஸ்ஆர்பி என்று சொந்தமாக ஒன்று இருந்தது, எல்லா கம்பெனியும் பயன்படுத்தும் பொதுத் தரமாக விஆர்ஆர்பி 1998-ல் வந்தது. ஒரு கற்பனை ஐபி, ஒரு கற்பனை மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்), இரண்டையும் இரண்டு ரவுட்டரில் ஒன்று மட்டும் ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளும். வைத்திருப்பவர் மாஸ்டர். அவர் விநாடிக்கு ஒரு முறை 224.0.0.18 என்ற முகவரிக்கு "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்று முறை சத்தம் வராவிட்டால், அதற்கு மேல் ஒரு சின்ன இடைவெளியும் விட்டு, அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சின்ன இடைவெளி 256-லிருந்து அவருடைய முன்னுரிமை எண்ணைக் கழித்து 256-ஆல் வகுத்தால் வருவது. முன்னுரிமை 100 என்றால் மொத்தம் 3.6 விநாடி. நான் கேபிளைப் பிடுங்கியபோது நாலு விநாடிக்குள் நெட் வந்த கணக்கு இதுதான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. விஆர்ஆர்பி மீது சிஸ்கோ காப்புரிமை சொந்தம் கொண்டாடியதால் ஓப்பன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை எழுதும் ஆட்கள் கோபித்துக்கொண்டு கார்ப் என்று தாங்களே ஒன்றை எழுதி 2004-ல் வெளியிட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு புரோட்டோகால் எண் அதிகாரபூர்வமாகக் கிடைக்காததால் விஆர்ஆர்பியின் 112-ஐயே எடுத்துக்கொண்டார்கள். கற்பனை மேக் முகவரியின் தொடக்கமும் அதேதான், கடைசியில் வருவது நாம் கொடுக்கும் குழு எண். இன்றைக்கும் கார்ப் ஓட்டும் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் (வேண்டாத ட்ராஃபிக்கைத் தடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதே நெட்வொர்க்கில் விஆர்ஆர்பி ரவுட்டரும் வைத்து, இரண்டுக்கும் குழு எண் 1 என்று கொடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். குழு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

சரி, விஆர்ஆர்பி நல்ல நடிகர்தான். ஆனால் அது பார்ப்பது வீட்டு உள்பக்கத்தை மட்டும். மாஸ்டர் உள்ளே குரல் கொடுக்கிறாரா என்பதே அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி, அவருக்குப் பின்வாசல் திறந்திருக்கிறதா என்பது அதன் பாடத்திலேயே இல்லை. இதை ஒட்டுப்போட இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, வெளிப்பக்க போர்ட்டைக் கவனித்து, அது இறங்கினால் முன்னுரிமையைக் குறைப்பது. எங்கள் கதையில் போர்ட் இறங்கவே இல்லையே, அதனால் இது பயன்பட்டிருக்காது. இன்னொன்று, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 8.8.8.8-க்கு (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது) பிங் அடித்துப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறுவது. லினக்ஸில் விஆர்ஆர்பி ஓட்டும் கீப்அலைவ்டி மென்பொருளை வைத்திருப்பவர்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள், நானும் அந்த ராத்திரிக்குப் பிறகு இரண்டு மாதம் இதைத்தான் வைத்திருந்தேன். பிரச்சினை என்னவென்றால், பொது டிஎன்எஸ் சர்வர் என்பது ஊருக்கே பிங் பதில் சொல்வதற்கென்று கட்டப்பட்டதல்ல. லைன் நன்றாக இருக்கும்போதே எப்போதாவது பதில் விடுபடும், உடனே இங்கே மாஸ்டர் பதவி கை மாறும், அடுத்த நிமிடம் பதில் வந்ததும் திரும்ப மாறும். இரண்டு லைனுக்கும் வேறு வேறு நாட் முகவரி (உள்முகவரிகளை மாற்றி வெளியே காட்டும் முகவரி) என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் திறந்திருந்த எல்லா இணைப்பும் அறுந்தது. நோய்க்கு மருந்து சாப்பிட்டு வயிறு கெட்ட கதை.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பெட்டிக்கு வேலையே வராது. வருடக்கணக்கில் சும்மா இருக்கும் பெட்டியை யாரும் பார்க்க மாட்டோம். முதல் பெட்டியில் அவசரத்தில் போட்ட ஃபயர்வால் விதி இரண்டாவதில் இருக்காது. என்றைக்கு அது மாஸ்டராக எழுகிறதோ அன்றைக்குத்தான் போன வருடத்து கான்ஃபிகோடு எழுந்திருக்கிறது என்று தெரியும்.

இப்போது டைனமிக் ரவுட்டிங்குக்கு வருவோம். ஸ்டாட்டிக் ரவுட் என்பது ரோட்டோரக் கைகாட்டி மாதிரி. பாலம் இடிந்து விழுந்தாலும் அது அதே பக்கம்தான் கை காட்டிக்கொண்டிருக்கும், பெயின்ட் அடித்தவர் வந்து அழிக்கும் வரைக்கும். டைனமிக் ரவுட்டிங்கில் வழியை யாரும் எழுதி வைப்பதில்லை. "இந்த ஊருக்கு என் வழியாகப் போகலாம்" என்று பக்கத்து ரவுட்டர் சொல்கிறது, அது சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அந்த வழிக்கு ஆயுசு. பேச்சு நின்றால் வழி அழிந்துவிடும். முக்கியமான விஷயம், இந்தப் பேச்சு நடப்பதே அந்த ஃபைபர் வழியாகத்தான். அன்று எங்கள் ரவுட்டருக்கும் அந்தப் பக்கம் கம்பெனியின் ரவுட்டருக்கும் நடுவே பிஜிபி என்ற டைனமிக் ரவுட்டிங் புரோட்டோகால் ஓடியிருந்தால், மீடியா கன்வெர்ட்டர் எத்தனை பச்சை விளக்கு காட்டினாலும் மறுமுனையிலிருந்து குரல் வராது, செஷன் விழும், டிஃபால்ட் ரவுட் தானாகக் காணாமல் போகும். அதைப் பார்த்து இரண்டாவது ரவுட்டருக்கு மாறும்படி வைத்திருந்தால் எனக்கு போனே வந்திருக்காது.

பிஜிபி என்றதும் பலர் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன், ஏதோ பெரிய டெலிகாம் கம்பெனி சமாச்சாரம் என்று. 1989-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கூட்டத்துக்குப் போன கர்க் லாக்கீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் எழுதி ஆரம்பித்தது அது. அடிப்படை இன்றைக்கும் அவ்வளவு எளிமைதான். இரண்டு ரவுட்டருக்கு நடுவே 179-ஆம் போர்ட்டில் ஒரு டிசிபி இணைப்பு, அதன் வழியே "என்னிடம் இன்னின்ன முகவரிக்கு வழி இருக்கிறது, இன்னின்ன நெட்வொர்க்கைக் கடந்து போக வேண்டும்" என்ற பட்டியல், வழி போய்விட்டால் "அதை எடுத்துவிடு" என்ற சேதி.

அதன் பொறுமைதான் கொஞ்சம் அதிகம். மறுமுனை பேசாவிட்டால் 90 விநாடி காத்திருக்கலாம் என்று தர ஆவணம் பரிந்துரைக்கிறது, சிஸ்கோவில் மாற்றாமல் விட்டால் 180 விநாடி. நம் நெட்வொர்க்குக்குள் இதே வேலையைச் செய்யும் ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு புரோட்டோகால் பத்து விநாடிக்கு ஒரு முறை வணக்கம் சொல்லும், நாற்பது விநாடி சத்தமில்லை என்றால் இறந்ததாகக் கணக்கு. பிங் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது மூன்று யுகம். அதனால் பிஎஃப்டி என்று ஒன்றைக் கூடச் சேர்ப்பார்கள், 2010-ல் தரமானது. இதற்கு ரவுட் பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. விநாடிக்குப் பல முறை "இருக்கியா", "இருக்கேன்" என்று இரு முனையும் தட்டிப் பார்த்துக்கொள்ளும், பதில் நின்றால் பிஜிபி காதிலும் ஓஎஸ்பிஎஃப் காதிலும் ஓதிவிடும். 300 மில்லிவிநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் செத்தது என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும்.

இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விர்ச்சுவல் மெஷினில் ஓடிய ஒரு லினக்ஸ் ரவுட்டரில் 50 மில்லிவிநாடி வைத்துப் பார்த்தேன். ராத்திரி பேக்கப் ஓடும்போதெல்லாம் அந்த மெஷினுக்கு சிபியு கிடைக்க கால் விநாடி தாமதமாகும், லைன் நன்றாகவே இருக்கும், பிஎஃப்டி மட்டும் செத்துப் பிழைக்கும். சுவிட்சின் ஹார்டுவேரிலேயே பிஎஃப்டி ஓடுகிற இடத்தில் 50 வைக்கலாம். சாஃப்ட்வேரில் ஓடினால் 300-க்குக் கீழே போகாமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது.

இப்போது அமைப்பை வரைந்து பார்ப்போம். இரண்டு ரவுட்டருக்கும் அ, ஆ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அ-வுக்கு முதல் லைன், ஆ-வுக்கு இரண்டாவது லைன், ஒவ்வொன்றும் அந்தந்தக் கம்பெனியோடு பிஜிபி பேசுகிறது. கீழே இரண்டு கோர் சுவிட்ச், எல்லா ரேக்கும் வந்து சேரும் நடுப் பெட்டிகள். ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் அ-வுக்கு ஒரு கேபிள், ஆ-வுக்கு ஒரு கேபிள், ஒவ்வொரு கேபிளும் இரண்டே முகவரி கொண்ட தனி நெட்வொர்க், அவற்றின் மேல் ஓஎஸ்பிஎஃப். அப்புறம், அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே நேரடியாக ஒரு கேபிள், முடிந்தால் இரண்டு, அதன் மேல் இரண்டும் தங்களுக்குள் பிஜிபி. இந்த நடுக் கேபிளைத்தான் நிறையப் பேர் மிச்சம் பிடிப்பார்கள். அது ஏன் தேவை என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போக வழி சொல்வது எப்படி? அ, ஆ இரண்டும் ஓஎஸ்பிஎஃபில் டிஃபால்ட் ரவுட்டை விளம்பரம் செய்யும். கோர் சுவிட்ச் இரண்டையும் சம மதிப்பில் பார்த்தால் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் அனுப்பும், சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டி என்று ஒன்றே இல்லை. இங்கே ஒரு சொல்லில் எல்லாம் கெடும். டிஃபால்ட்டை விளம்பரம் செய்யும் கட்டளையோடு 'ஆல்வேஸ்' என்று ஒரு வார்த்தை சேர்க்கலாம். சேர்த்தால், தனக்கு மேலே வழி இருக்கிறதோ இல்லையோ, "எல்லாரும் என்கிட்ட வாங்க" என்று ரவுட்டர் கூவிக்கொண்டே இருக்கும். லேபில் சோதிக்கும்போது மேலே லைன் இருக்காது, டிஃபால்ட் வரவில்லையே என்று யாரோ 'ஆல்வேஸ்' போடுவார், அது அப்படியே நிஜ நெட்வொர்க்குக்குப் போகும். அந்தக் கணத்தில், பிஜிபியும் பிஎஃப்டியும் போட்டுச் செலவழித்த உழைப்பெல்லாம் வீண், மறுபடி என் ஒரு மணி போன் கதைதான். மேலிருந்து பிஜிபியில் டிஃபால்ட் வந்தால் மட்டும் கீழே சொல்ல வேண்டும், மேலே போனால் கீழேயும் போக வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பெனியின் ரவுட்டர் நமக்கு டிஃபால்ட் அனுப்புகிறது, ஆனால் அந்த ரவுட்டருக்கே மேலே வழி அறுந்துவிட்டது என்றால்? அவர்கள் பக்கம் ஒரு 'ஆல்வேஸ்' இருந்தால் நமக்கு டிஃபால்ட் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் டிஃபால்ட் மட்டும் வாங்காமல், கூடவே இன்டர்நெட் ரவுட்களையும் வாங்கி, தூரத்தில் உள்ள நிலையான நாலைந்து நெட்வொர்க்குக்கு வழி தெரிந்தால் மட்டும் உள்ளே டிஃபால்ட் சொல்வது என்று வைப்பது என் பழக்கம். முழுப் பட்டியலும் வாங்கினால் இப்போது ஐபிவி4-ல் பத்து லட்சத்தை ஒட்டி வரும். பிசியில் ஓடும் எஃப்ஆர்ஆர், பேர்ட் போன்ற ரவுட்டிங் மென்பொருள்களுக்கு அது பொருட்டே இல்லை, பழைய ரவுட்டரின் நினைவகத்துக்கு அது பெரிய விஷயம். 2014 ஆகஸ்டில் உலகப் பட்டியல் 512 ஆயிரத்தைத் தாண்டிய அன்று, அதற்கு மேல் இடமில்லாத பழைய பெட்டிகள் பல இடங்களில் தடுமாறின. எனவே பெட்டி என்ன தாங்கும் என்று பார்த்து வாங்கவும்.

இதெல்லாம் வெளியே போகும் பாதை. உள்ளே வரும் பாதையில் அரை உயிர்ப் பிரச்சினை தலைகீழாக வரும். நம்மிடம் சொந்தமாக ஏஎஸ் எண்ணும் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) ஒரு /24 முகவரித் தொகுதியும் (256 முகவரி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் இவற்றை ஐரின் என்ற பதிவகத்திடம் வாங்கலாம், /24-ஐ விடச் சின்னதாக இருந்தால் இன்டர்நெட்டில் பொதுவாக யாரும் ஏற்க மாட்டார்கள். இந்த /24-ஐ அ, ஆ இரண்டும் வெளியே அறிவிக்கும். பிஜிபியில் ஒன்றை அறிவிக்க அது ரவுட்டரின் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்காக எல்லாரும் அந்த /24-ஐ எங்கும் போகாத ஒரு பாழுங்கிணற்றுக்கு ஸ்டாட்டிக் ரவுட்டாக எழுதி வைப்பார்கள். சாதாரண நாளில் உள்ளேயிருந்து வரும் துல்லியமான ரவுட்கள் ஜெயிக்கும், கிணறு சும்மா இருக்கும். இப்போது அ-வின் உள்பக்கக் கேபிள்கள் இரண்டும் போய்விட்டன என்று வையுங்கள். அ வெளியே தொடர்ந்து "இந்த /24 என் வழியா வரலாம்" என்கிறது, ஏனென்றால் கைகாட்டி அங்கேயே இருக்கிறது. உலகத்திலிருந்து நமக்கு வரும் ட்ராஃபிக்கில் பாதி அ-வுக்கு வந்து கிணற்றில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் தளம் சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. இதைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டமான பழுது கிடையாது. நடுக் கேபிள் இங்கேதான் காப்பாற்றும். அ-வுக்கு நேரடி வழி போனாலும் ஆ வழியாக உள்ளே போகும் ரவுட் அந்தக் கேபிள் மேல் கிடைக்கும், கிணறு மூடியே இருக்கும்.

சொந்த முகவரி இல்லாதவர்கள், ஒவ்வொரு லைனிலும் அந்தந்தக் கம்பெனி கொடுத்த முகவரிக்கு நாட் செய்து போகிறவர்கள், ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: வெளியே போவது மாறிக்கொள்ளும், உள்ளே வருவது மாறாது. அதற்கு டிஎன்எஸ் பதிவை மாற்றத்தான் வேண்டும். எந்த ரவுட்டிங் வித்தையும் அங்கே செல்லாது.

நாட் என்றதும் ஃபயர்வாலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பாதிப்பேர் விழுவது இங்கேதான். ரவுட்டிங்குக்கு ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு பாக்கெட்டையும் புதிதாகப் பார்த்து அனுப்பும். ஃபயர்வாலுக்கு எல்லாம் ஞாபகம்தான். இணைப்பு ஆரம்பிக்கும்போது முதல் பாக்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும், நடுவில் வந்தால் "நீ யார்" என்று கேட்டுத் தள்ளிவிடும். பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பும் நம் அமைப்பில் போகிற பாக்கெட் அ வழியாகவும் திரும்பி வருவது ஆ வழியாகவும் இருப்பது சர்வசாதாரணம். ஆ-வில் ஞாபகம் வைக்கும் ஃபயர்வால் இருந்தால் அந்த இணைப்பு அங்கேயே முடிந்தது. ஞாபகத்தை இரண்டு பெட்டிக்கும் பகிர லினக்ஸில் கான்ட்ராக்டி, பிஎஸ்டி பக்கம் பிஎஃப்சிங்க் இருக்கின்றன. ஆனால் பகிர்வு சேர்வதற்குள் பதில் பாக்கெட் வந்துவிடுவதும் உண்டு, டேட்டா சென்டருக்குள் பதில் மில்லிவிநாடிக்கும் குறைவில் வருமே. என் கட்சி இதுதான்: ஓரத்து ரவுட்டரில் ஞாபகம் வேண்டாம், வெறும் ரவுட்டிங்கும் எளிய தடுப்பு விதிகளும் போதும். ஞாபகம் வைக்க வேண்டிய ஃபயர்வாலை ஒரு படி உள்ளே, ஒன்று வேலை செய்ய ஒன்று காத்திருக்கும் ஜோடியாக வையுங்கள். அங்கே பழைய நடிகர் விஆர்ஆர்பி தாராளமாக வரலாம்.

லினக்ஸ் ரவுட்டராக இருந்தால் இன்னொரு கண்ணிவெடி, ஆர்பி ஃபில்டர். ஒரு பாக்கெட் எந்தப் போர்ட்டில் வந்ததோ அதே போர்ட் வழியாகத்தான் அதன் மூலத்துக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும் என்று கர்னல் சரிபார்க்கும், இல்லாவிட்டால் சத்தமே போடாமல் கீழே போட்டுவிடும். சில லினக்ஸ் விநியோகங்களில் இது கண்டிப்பான நிலையில்தான் வருகிறது. பாக்கெட்டுகளை வேவு பார்க்கும் டிசிபி டம்ப்பில் பாக்கெட் வருவது தெரியும், ரவுட்டும் சரியாக இருக்கும், ஆனால் மறுபக்கம் போகாது. அந்த மதிப்பை 1-லிருந்து 2-க்கு மாற்றினால் தளர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது, உங்களுக்கு ஒரு வரியில் கொடுத்துவிட்டேன்.

பெரிய டேட்டா சென்டர்களில் கேட்வே என்று தனியாக இரண்டு பெட்டியை வைக்கும் யோசனையே கரைந்துவிட்டது. பெல் லேப்ஸில் சார்லஸ் க்ளோஸ் 1953-ல் தொலைபேசி சுவிட்சுகளுக்குப் போட்ட கணக்கை எடுத்து, ஒவ்வொரு ரேக் சுவிட்சையும் மேலே ரேக்குகளை இணைக்கும் எல்லா ஸ்பைன் சுவிட்சோடும் கோத்து, ஒவ்வொரு ரேக் சுவிட்சுக்கும் தனி ஏஎஸ் எண், ஸ்பைன்களுக்குப் பொதுவாக ஒன்று என்று கொடுத்து பிஜிபியையே உள்ளேயும் ஓட்டுகிறார்கள். 2016-ல் வந்த ஆர்எஃப்சி 7938 என்ற ஆவணம் இதை விளக்குகிறது. எட்டு ஸ்பைன் இருந்து ஒன்று போனால் எட்டில் ஒரு பங்கு கொள்ளளவு குறையும், அவ்வளவுதான், யாரையும் எழுப்ப வேண்டாம். ஒரே நெட்வொர்க் பல ரேக்குகளில் பரவியிருந்தால், சர்வரின் கேட்வே முகவரியையோ எல்லா ரேக் சுவிட்சும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும், ஒரே ஐபி, ஒரே மேக். மாஸ்டர், காத்திருப்பவர் என்ற பேச்சே இல்லை. இதற்கு எனிகாஸ்ட் கேட்வே என்று பெயர், பெரிய அளவில் இதைப் பெரும்பாலும் ஈவிபிஎன் என்ற பிஜிபி நீட்சியோடுதான் ஓட்டுகிறார்கள், ஆறு ரேக் வைத்திருக்கும் நமக்கு இது அவசியமும் இல்லை.

ஆனால் பெரியவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வழி இல்லாவிட்டால் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்களும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தன: தங்களால் டேட்டா சென்டரை எட்ட முடியாவிட்டால் தங்கள் லைனில்தான் கோளாறு என்று எண்ணி, பிஜிபியில் தங்கள் முகவரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஒரு இடம் விலகினால் மற்ற இடங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதைத் தாண்டி, பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் கீழே இறக்கியது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை, அது தடுக்கவில்லை. எந்த டிஎன்எஸ் சர்வராலும் எந்த டேட்டா சென்டரையும் எட்ட முடியவில்லை, அதனால் எல்லாமே ஒரே நேரத்தில் "நான் சரியில்லை" என்று விலகிக்கொண்டன. சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஃபேஸ்புக்கும் வாட்சப்பும் இன்ஸ்டாகிராமும் உலகத்தின் வரைபடத்திலேயே சுமார் ஆறு மணி நேரம் இல்லை. உள்ளே நுழையும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆறு ரேக்குக்கு நான் ஆட்டோவில் போன அதே கதை, அளவு மட்டும் வேறு.

அதனால் நான் இரண்டு விஷயம் செய்கிறேன். கடைசி ஆள் விலகக் கூடாது: அ, ஆ இரண்டுக்குமே தூரத்து நெட்வொர்க்குகள் தெரியவில்லை என்றால், சோதனையே பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, மேலிருந்து வரும் வெறும் டிஃபால்ட்டையே அதிக காஸ்ட்டோடு (கடைசித் தேர்வாக) விளம்பரத்தில் விட்டு வைப்பது. இரண்டாவது, ஒரு பழைய சின்ன ரவுட்டரில் 4ஜி சிம் போட்டு, அ, ஆ இரண்டின் கன்சோல் போர்ட்டையும் (நெட்வொர்க் இல்லாமலே பெட்டிக்குள் நுழையும் வாசல்) அதில் மாட்டி வைத்திருப்பது. மாதம் இருநூற்றுச் சில்லறை ரூபாய் ரீசார்ஜ், அதை மட்டும் கணக்குப் பிரிவில் யாராவது "இது எதுக்கு" என்று கேட்டு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதோடு, லைன் கொடுக்கும் இரண்டு கம்பெனியிடமும் ஃபைபர் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். பெயர் இரண்டு, பில் இரண்டு, குழாய் ஒன்றாக இருப்பது ரொம்ப சகஜம். கட்டடத்துக்குள் நுழையும் கடைசி நூறு மீட்டரில் இரண்டும் ஒரே மேன்ஹோலில் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

சோதிக்கும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் போர்ட் இறங்கிவிடும், எந்த அமைப்பும் அதில் பாஸாகும். புது அமைப்பைச் சோதிக்க நான் அந்தப் பழைய மீடியா கன்வெர்ட்டரையே அ-வுக்கும் லைனுக்கும் நடுவே மறுபடி மாட்டினேன். ஃபைபர் பக்கத்தை மட்டும் கழற்றினால் அ-வின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அன்றைக்கு மாதிரியே. முதலில், திட்டமிட்டு விலக்குவதைப் பார்த்தோம்: அ-வின் ஓஎஸ்பிஎஃப் மதிப்பை ஏற்றி, வெளியே அறிவிப்பைத் தாழ்த்தி, ட்ராஃபிக் எல்லாம் ஆ-வுக்கு நகரும் வரை ஐந்து நிமிடம் காத்திருந்தோம், ஒரு பிங் கூடத் தவறவில்லை. அதைத் திரும்ப வைத்துவிட்டு, உள்ளே ஒரு சர்வரிலிருந்து விநாடிக்கு ஐந்து பிங் ஓடவிட்டு, பையனைக் கன்வெர்ட்டர் பக்கம் நிற்கச் சொன்னேன். அவன் ஃபைபரை உருவினான். திரையில் வரிசை எண் 412-க்குப் பிறகு 418 வந்தது. ஐந்து பிங், ஒரு விநாடி. வெளியிலிருந்து உள்ளே வரும் பக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நேரம் தடுமாறியது, நாம் திரும்பப் பெற்ற அறிவிப்பு மற்ற நெட்வொர்க்குகளைப் போய்ச் சேர அவரவர் எடுத்துக்கொள்ளும் நேரம் அது, நம் கையில் இல்லை.

"அண்ணா, லைட்டு இன்னும் பச்சையாத்தான் எரியுது" என்றான் பையன், சிரித்துக்கொண்டே.